அக்காவின் காது

எனக்குச் சண்டை போடத் தெரியாது. வாங்கி வந்த பால் திரிந்துபோனால்கூடக் கடைக்காரரிடம் போய் நிற்க மாட்டேன், கொட்டிவிட்டு வேறு பாக்கெட் வாங்கிக்கொள்வேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நேற்று எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள். அப்படிப் பார்க்கும்படி நான் ஆளைக் கொன்றவன் இல்லை. எழுதிக் கொடுங்கள் என்றீர்கள், கொடுக்கிறேன். எதையும் மறைக்கப்போவதில்லை.

நீங்கள் நிர்வாக அலுவலகத்துக்காரர், வாத்தியம் தொட்டதில்லை என்றீர்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆர்கெஸ்ட்ராவில் நான் செல்லோ வாசிப்பவன். முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கும் அந்தப் பெரிய வாத்தியம். எனக்குக் கடைசி வரிசை நாற்காலி. ஒருமுறை, சும்மா ஒரு பரீட்சைக்காக, ஒரு பாட்டு முழுக்க வில்லைக் கம்பியில் படாமலே ஆட்டிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் என் பக்கம் திரும்பி, "இன்னிக்கு நல்லா சேர்ந்து வந்துச்சு, இல்ல?" என்றார். சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்குப் போன பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிகளை ஆரம்பித்தது என் அக்கா. ஆர்கெஸ்ட்ராவின் முதல் வயலின்களில் அவள் இருந்தாள். எங்களில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, அருங்காட்சியகத்தின் மாடி அறையில், மாதம் ஒரு மத்தியானம். நடத்துனர் கிடையாது, மேடை கிடையாது. முதல் வரிசையில் இருப்பவர் காலை நீட்டினால் என் வாத்தியத்தில் இடிக்கும். முதல் வயலின் அக்கா. இரண்டாவது வயலினுக்கு ஒருவர், எப்போதும் பிள்ளைகளை எங்கிருந்தோ கூட்டிவர ஓடுவார் என்பதால் அவருக்கு 'அவசரம்' என்றே பேர். வயலினைவிடச் சற்றுப் பெரிதான வயோலாவுக்கு டீச்சரம்மா. அடியில் நான். அங்கே நான் வாசிக்காவிட்டால் ஊருக்கே தெரியும். மாதத்தில் அந்த ஒரு மத்தியானம்தான் நான் ஒரு ஆள் என்று எனக்குத் தோன்றும்.

அக்கா என்னைவிட நிறைய மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குத் தலை சீவிவிட்டதும், செல்லோ வாங்கித் தந்ததும், "ஒழுங்கா உக்காருடா, கூனாதே" என்று முதுகில் தட்டியதும் அவள்தான். அவள் கணவர் இறந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள். மகள் கல்யாணமாகி வேறு தேசம் போனாள். அப்புறம் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குக் கல்யாணம் என்ற எண்ணமே வந்ததில்லை. வீடு நன்றாகத்தான் இருந்தது.

போன வருடம் ஒருநாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் போனைக் கையில் பிடித்தபடி சமையலறைக்குள் வந்தாள்.

"தம்பி, என்னைக் கூப்பிட்டிருக்காங்கடா. தலைமை வயலினுக்கு. அவ்வளவு பெரிய ஆர்கெஸ்ட்ரா, என்னைப் போய்!" என்றாள்.

அந்த ஊருக்கு விமானத்தில்தான் போகவேண்டும். இங்கே எங்கள் கச்சேரி சீசன் முடிந்ததும் ஒரு வாரம் அவர்களோடு வாசித்துக் காட்டவேண்டும், ஒத்துவந்தால் அங்கேயே இருந்துவிட வேண்டியதுதான். நான் கையைத் துடைத்துக்கொண்டு அவளைக் கட்டிப்பிடித்தேன். சாயந்தரம் கேக் வாங்கி வந்தேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். ஆனால் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அவள் போனால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். வீட்டில் விளக்கைப் போட ஆள் இருக்காது. கடைசி நாற்காலி மட்டும் அப்படியே இருக்கும்.

அதற்கப்புறம் நடந்தது முதலில் தற்செயல். எங்கள் நால்வரின் ஒத்திகையில், அக்கா ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில், என் விரல் ஒரு மயிரிழை தள்ளி விழுந்துவிட்டது. என் சுருதி கொஞ்சம் ஏறி நின்றது. தப்பு என்னுடையது. நான் திருத்திக்கொள்வதற்குள் அக்கா வில்லை எடுத்துவிட்டு, "சாரி, சாரி, நான்தான். இறங்கிட்டேன்" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. நல்ல வித்வான்களுக்கு இது ஒரு வியாதி. சுருதி சேரவில்லை என்றால் முதலில் தன்னைத்தான் சந்தேகிப்பார்கள். மட்டமானவன் பக்கத்தில் இருப்பவனை முறைப்பான். அக்கா மாதிரி ஒருத்தி, உலகத்தில் யார் தப்பு செய்தாலும், முதலில் தன் விரலைத்தான் பார்ப்பாள். அதிலும் நாலு பேர் வாசிக்கும்போது அடியில் இருக்கும் செல்லோதான் தரை. மற்ற மூன்று பேரும் அதன்மேல்தான் நிற்பார்கள். தரை சாய்ந்திருக்கிறது என்று யாருக்கும் சட்டென்று தோன்றாது.

அதனால் மறுபடி செய்தேன். நிறைய இல்லை. அவளுடைய நீண்ட ஸ்வரங்களுக்கு அடியில் மட்டும், ஒரு மயிரிழை ஏற்றி. 'அவசரம்' என் சுருதியை ஒட்டி வாசிப்பவர், டீச்சரம்மாவும் அப்படியே. தங்களுக்கே தெரியாமல் என்னோடு ஏறி வந்தார்கள். மூன்று பேர் ஒரு பக்கம், அக்கா மட்டும் தனியாகக் கீழே. அவள் ஏற்றிக்கொண்டால், நான் மெதுவாகச் சரியான இடத்துக்கு இறங்கிவிடுவேன். இப்போது அவள் மேலே தொங்குவாள்.

இதை எழுதும்போது ஏதோ பெரிய சூழ்ச்சி மாதிரி இருக்கிறது. அப்படியில்லை. உப்பு போடுவது போலத்தான், கை அளவு பார்த்துப் போடுவது.

அவளிடம் "நீ தப்பு" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சொன்னவர் டீச்சரம்மா. அதுவும் பாவம், தயங்கித் தயங்கி, "என்னங்க, உடம்பு சரியில்லையா? மேல கொஞ்சம் ஒட்ட மாட்டேங்குதே" என்றார். 'அவசரம்' தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான், "உனக்கு எப்படிக்கா கேக்குது?" என்று மட்டும் கேட்டேன். பரிவாகத்தான் கேட்டேன்.

அவளே ஒரு நல்ல டாக்டரிடம் போனாள். நானும் கூடப் போனேன். அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஏதோ மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பொத்தானை அவள் சரியாக அழுத்தினாள். டாக்டர், "உங்க வயசுக்கு இந்தக் காது கிடைச்சா நான் கோயில் கட்டிடுவேன்" என்று சிரித்தார். வெளியே வந்து படியில் நின்றபடி அக்கா, "அது பீப் சத்தம்தானே தம்பி. அதுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். நான் டாக்சிக்குக் கை காட்டினேன்.

வீட்டில் சுருதி பார்க்கும் சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தனியாக மணிக்கணக்கில் வாசித்தாள். முள் நடுவில்தான் நின்றது. ஆனால் தனியாக வாசிக்கும்போது சரி, மற்றவர்களோடு சேர்ந்தால் தப்பு என்றால், அதற்கு என்ன அர்த்தம்? மற்றவர்களைக் கேட்கத் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்? அந்த முடிவுக்கு அவளாகவே வந்தாள். அவள் அறையில் வாசிப்பு நின்றுவிடும், மறுபடி அதே ஸ்வரம். எனக்குச் சாப்பாடு இறங்காது. நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். நிறுத்தினால் அவள் போய்விடுவாள்.

சீசனின் கடைசிக் கச்சேரிக்கு அறை நிறைந்துவிட்டது. வாசல்வரை நாற்காலி போட்டிருந்தார்கள். மெதுவான பகுதியில், மற்ற இரண்டு பேரும் ஓய்ந்திருக்க, நானும் அவளும் மட்டும் வாசிக்கும் ஓர் இடம் வரும். அவளுக்கு ரொம்பப் பிடித்த இடம். அவள் பிடித்தாள். நான் ஏறினேன். அவள் தேடி வந்தாள். நான் இறங்கினேன். வில்லைக் கம்பியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் கொஞ்ச தூரம் தனியாகவே வாசித்தேன், அவள் வந்து சேர்ந்துகொள்வாள் என்று நினைத்துத்தான். பிறகு நானும் நிறுத்தினேன்.

அவள் எழுந்து நின்றாள். "மன்னிச்சுக்கணும். எனக்குக் காது சரியா கேக்கலை. இவங்க மூணு பேரும் நல்லா வாசிச்சாங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஜனங்கள் கைதட்டினார்கள். இரக்கப்பட்டுத் தட்டும் கைதட்டல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த ஊருக்கு அவளே போன் செய்து வரவில்லை என்று சொன்னாள். ஆர்கெஸ்ட்ராவிலிருந்தும் நின்றாள்.

அதற்கப்புறம் அவளை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். வயலினை அவள் தொடவில்லை. கொஞ்சநாளில் மற்ற சத்தங்களும் அவளுக்குச் சந்தேகமாகிவிட்டன. "மணி அடிச்சுதா தம்பி?" "அடுப்பை அணைச்சிட்டேனா, சீறுற மாதிரி இருக்கே?" "மழையா பெய்யுது?" எல்லாவற்றையும் அவள் சரியாகத்தான் கேட்டாள். நான் ஆமாம் என்று சொன்னால்தான் நம்புவாள். ஒரே ஒருமுறை, ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தபோது, "இல்லையேக்கா" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. விளையாட்டாக இருக்கலாம். அவள் தலையாட்டிவிட்டு, கொடியில் கிடந்த துணியை அப்படியே நனையவிட்டாள்.

மகள் போன் செய்தால் எடுக்கப் பயப்பட்டாள், தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்று. நான்தான் பேசுவேன். "எங்கம்மா குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு மாமா?" என்று அந்தப் பெண் கத்தினாள். உங்களுக்குப் புகார் எழுதியது அவள்தான் என்று தெரியும். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை.

நேற்று நீங்கள் அந்த ஒலிப்பதிவோடு வந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிகளை வானொலிக்குப் பதிவு செய்தார்கள் என்பது தெரியும். ஆளுக்கொரு மைக் வைத்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாகப் பிரித்து வைத்திருப்பார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. அக்காவின் வயலினைத் தனியாகப் போட்டீர்கள். ஆரம்பம் முதல் கடைசிவரை அப்பழுக்கில்லை. பிறகு என்னுடையதைச் சேர்த்துப் போட்டீர்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "செல்லோதானே ஏறி நிக்குது?" என்றாள், அவ்வளவு தெளிவாக. உடனே பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "என் காதை நம்பாதீங்க சார்," என்று உங்களிடம் சொல்லிவிட்டாள். அந்த ஊரில் இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது, வார இறுதிக்குள் சொன்னால் போதும் என்று சொல்லிவிட்டு நீங்கள் கிளம்பினீர்கள்.

நீங்கள் போன பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியாது.

அவள் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். திரும்பாமலே கேட்டாள், "தம்பி, நிஜமாச் சொல்லு. அது நீயா?"

ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை அவள் நம்பினால், அவளுக்குக் காது திரும்பக் கிடைத்துவிடும், ஞாயிற்றுக்கிழமைக்குள் பெட்டி கட்டிவிடுவாள். எனக்குப் பயமாக இருந்தது. என் வயதில் ஒருவன் இப்படிப் பயப்படலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நான் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னேன்.

"ஆமாம்க்கா. நான்தான். உன்மேல தப்பே இல்ல," என்றேன்.

சொன்ன விதத்தில்தான் கொஞ்சம் கை அளவு பார்த்துக்கொண்டேன். 'ஆமாம்' என்பதற்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம். குரலில் கொஞ்சம் கூடுதல் இனிப்பு. ஒருவர் இன்னொருவரைத் தேற்றுவதற்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும்போது குரல் எப்படி இருக்குமோ, அப்படி.

அவள் திரும்பி, ஈரக் கையாலேயே என் கன்னத்தைத் தொட்டாள். "எனக்காக நீ ஏண்டா பழியை ஏத்துக்கறே," என்று அழுதாள். "எனக்குத் தெரியாதா உன்னை?" பிறகு உள்ளே போய் வயலின் பெட்டியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். யாராவது வாசிக்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிடு, வீட்டில் வைத்திருந்தால் ஆசை விடாது என்றாள். இன்று காலை கொடுத்துவிட்டு வந்தேன். மகளுக்கும் அந்த ஊருக்கும் என்ன பதில் சொல்வது என்பதை என்னிடமே விட்டுவிட்டாள்.

ஆக, அவளிடமும் ஒப்புக்கொண்டுவிட்டேன், உங்களிடமும் ஒப்புக்கொள்கிறேன். மனசு லேசாக இருக்கிறது. உண்மையை நான் சொல்லத்தான் செய்தேன், அவள் நம்பவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வது?