நாலாம் அறைக் கசிவும் வெயிலில் பிறந்த பிள்ளைகளும்

தலைமைக்கு அழகு பொறுமை என்பதை அமர்ந்திருக்கும் விதத்திலேயே காட்டும் கட்டடக் குழுத் தலைவி கொன்சோலாத்தா அம்மையார் அவர்களே, கைத்தடி ஊன்றி, கருத்தும் ஊன்றிக் கேட்க வந்திருக்கும் கிசுமு ஏரிக்கரைப் பெரியோர்களே, இடுப்பில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக வெயிலை மதியாமல் நடந்து வந்திருக்கும் தாய்மார்களே, கலவை சுமந்த தோள்களே, கம்பி கட்டிய கைகளே, வேலியோரம் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கும் மோட்டார் சைக்கிள் தம்பிகளே, அனைவருக்கும் பெயின்டர் நியாம்போக்கின் பணிவான வணக்கம்.

பெயின்டருக்கு எதற்கு மைக் என்று அங்கே யாரோ கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான் ஐயா. கொஞ்சம் பொறுங்கள், உங்களுக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

இன்று திறக்கப் போகும் இந்தப் பிரசவ விடுதியைக் கட்டும்போது, ஒரு குறை கண்ணில் பட்டால் தள ஆய்வாளர் அவுவோர் அதைச் செல்போனில் படம் எடுப்பார். இடத்தைக் குறிப்பார். சரிசெய்ய வேண்டியவர் பெயரைப் போட்டு அனுப்புவார். அதற்கு டிக்கெட் என்று பெயர். வேலையை முடித்தவர் தானும் ஒரு படம் எடுத்துப் போட்டு டிக்கெட்டை மூட வேண்டும். எளிய ஏற்பாடு, இனிய ஏற்பாடு. என்னைப் போன்ற சோம்பேறி கையில் சிக்கும்வரை நல்ல ஏற்பாடு.

நாலாம் அறையின் சீலிங்கில் சப்பாத்தி அளவுக்கு ஓர் ஈரக்கறை. டிக்கெட் என் பெயருக்கு வந்தது. பூசினேன், படம் எடுத்தேன், மூடினேன். பத்து நாளில் கறை மறுபடியும் வந்தது. புது டிக்கெட். பூசினேன், படம் எடுத்தேன், மூடினேன். மூன்றாம் முறை வந்தது, மூடினேன். நான்காம் முறை வந்தது, அதையும் மூடினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதோ, மேடையில் நிற்கிறான், பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடியதோடு விட்டேனா? காரணம் எழுதும் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் "மழைக்கசிவு" என்று எழுதினேன். மேலே ஏறிப் பார்த்தேனா? இல்லை. யாரையாவது கேட்டேனா? இல்லை. மழைக்காலம், ஈரம், ஆகவே மழை. என் அறிவு அவ்வளவுதான் நீண்டது, என் ஏணி அதற்கும் குறைவாகத்தான் நீண்டது.

அந்த ஒரு சொல் எங்கே போய் விழுந்தது தெரியுமா? கூரை போட்ட ஒலுவோச்சின் தலையில். நான்கு குறிப்புகளையும் படித்த எஞ்சினியர், திங்கட்கிழமை காலையிலேயே, வெள்ளிக்கிழமைக்குள் ஆறு ஆட்களோடு தளத்தை விட்டு வெளியேறச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டார்.

ஒலுவோச் கெஞ்சவில்லை. "சார், நாலு தடவ மேல ஏறிப் பாத்துட்டேன். ஒரு ஆணி ஓட்டைகூட இல்ல. என் கூரை ஒழுகல" என்றார்.

"கூரை ஒழுகலன்னா சீலிங்குக்கு வேர்க்குதாக்கும்" என்றார் எஞ்சினியர்.

எல்லோரும் சிரித்தோம். அதிலே உரக்கச் சிரித்தவன் நான். இன்று நினைத்தாலும் என் காது எரிகிறது, பெரியோர்களே.

வியாழக்கிழமை பகல் தேநீர் வேளை. அவுவோர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, நாலு டிக்கெட்டும் நாலு மூலைல கெடக்கு. தனித்தனியாப் பாத்தா ஒண்ணும் வெளங்கல. ஒரு தாய் டிக்கெட் போட்டு, நாலையும் பிள்ளையா கீழ கட்டிப் பாப்போமா?"

"அதெப்படி தங்கச்சி கட்றது?"

"முதல்ல 'நாலாம் அறை ஈரம்'னு ஒரு டிக்கெட் தொறங்க. அதான் தாய். அப்புறம் பழைய டிக்கெட்டத் தொறந்து 'இணை'ங்கறத அமுக்கி, தாய் யாருன்னு காட்டுங்க."

அமுக்கினேன். அவுவோர் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, பிள்ளை தாயப் பெத்து வச்சிருக்கு. திருப்பிக் கட்டுங்க."

திருப்பிக் கட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தாயின் கீழே பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றபோது, பதினெட்டு வருடம் சுவரைப் பார்த்த கண்களுக்குச் சுவரே புதிதாகத் தெரிந்தது. அந்த உற்சாகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்?

அப்போது தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒகோலாவின் அம்மா கேட்டார்: "பிள்ளைன்னு சொல்றீங்க, பேரில்லாமப் போட்டு வச்சிருக்கீங்க. எப்பப் பொறந்துச்சுன்னு சொல்லுங்க, நான் வைக்கிறேன்."

நம் லுவோ வீடுகளில் பிறந்த வேளைதானே பெயர். அவுவோர் விளையாட்டாகவே வாசித்தார். முதல் டிக்கெட்டின் படத்தில் ஜன்னலுக்கு வெளியே கொட்டும் மழை. "மழைல பொறந்தவன் ஒகோத்" என்றார் அந்த அம்மா. இரண்டாவதிலும் மழை. "இன்னொரு ஒகோத்." மூன்றாவது படத்தில் ஜன்னல் வழியே பளீரென்று வெயில். "இவன் ஒச்சியெங்." நான்காவதிலும் வெயில். "இவனும் ஒச்சியெங்."

தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தார் அந்த அம்மா. "ஏம்ப்பா பெயின்டரு, நாலு பிள்ளைக்கும் அப்பன் மழைன்னு எழுதியிருக்க. வெயில்ல ரெண்டு பொறந்திருக்கே. அப்ப மழை எங்க போயிருந்தான்?"

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். அன்று அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. அவுவோர் டிக்கெட்டுகளில் பதிந்திருந்த நேரத்தைப் பார்த்தார். நான்கு டிக்கெட்டும் பகல் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே. மழையானால் என்ன, வெயிலானால் என்ன, அதே ஒரு மணி. ஒரு மணிக்கு இந்தத் தளத்தில் என்ன நடக்கிறது? ஊர்த் தண்ணீர் வருகிறது. மோட்டார் ஓடுகிறது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறது. ஏறும் குழாய் எது வழியாகப் போகிறது? நாலாம் அறையின் சீலிங் வழியாக.

ஓடினோம். உடைத்தோம். குழாய் இணைப்பில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு. மோட்டார் ஓடினால் அழுதது, மோட்டார் நின்றால் அடங்கியது. மேலே ஒலுவோச்சின் கூரை எலும்புபோலக் காய்ந்து கிடந்தது. எஞ்சினியர் அந்த வெடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தார், நேரே போய்க் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

என் இனிய மக்களே, தனியாக நின்றபோது பொய் சொன்ன சீட்டுகள், சேர்ந்து நின்றபோது சாட்சி சொன்னது எதனால்? கறை பெயின்டருக்கு, குழாய் பிளம்பருக்கு, கூரை கூரைக்காரருக்கு என்று பிரித்துக்கொண்டோமே, வீட்டைப் பிரிக்க முடியுமா? விரலில் ஊறும் நோவை உடம்பு அறியாதா? அந்த உறவைத்தான் அவுவோர் கட்டிக் காட்டினார்.

அன்று அவர் அந்தத் தாய்க்குப் புதிய பிள்ளைகளையும் சேர்த்தார். பிளம்பருக்கு ஒன்று, சீலிங் போடும் கொத்தனாருக்கு ஒன்று, எல்லோருக்கும் பின்னால் எனக்கு ஒன்று. கூடவே ஒரு கட்டளையும் வைத்தார்: ஒரு பிள்ளை திறந்திருந்தாலும் தாயை மூட முடியாது. பிளம்பர் முடித்தார், கொத்தனார் முடித்தார், நானும் பூசி முடித்தேன். மூடலாம் என்று போனால், தாய் மூட மறுத்தாள். பார்த்தால் இன்னொரு பிள்ளை, என் பெயரில்.

"இது என்ன தங்கச்சி?"

"படிங்கண்ணே."

படித்தேன். "ஒலுவோச் மேல் எழுதிய தவறான காரணம். ஊரறியத் திருத்த வேண்டும்."

"கடிதாசியத்தான் வாங்கிட்டாங்களே?"

"கடிதாசி எஞ்சினியர் குடுத்தது. மழைன்னு எழுதுனது நீங்க. ஏழு பேரு வீட்ல அந்த நாலு நாளும் யாரும் தூங்கல அண்ணே."

அதுதான் ஐயா, பெயின்டருக்கு மைக் கிடைத்த கதை. அந்தத் தாய் திறந்திருக்கும்வரை இந்த விடுதியை ஒப்படைக்க முடியாது. ஆகவே சொல்கிறேன், ஏரிக்கரை முழுதும் கேட்கச் சொல்கிறேன்: ஒலுவோச்சின் கூரை ஒழுகவில்லை. ஒரு நாளும் ஒழுகவில்லை. பார்க்காமல் எழுதியவன் நான், பழி சுமந்தவர் அவர்.

ஒலுவோச், மேலே வாருங்கள். வழி விடுங்கள் தம்பிகளே. கையைக் கொடுங்கள்.

"வெரல்ல பெயின்ட் காயலியே அண்ணே" என்கிறார். ஒட்டட்டும், ஒட்டட்டும்.

அவுவோர், படம் எடுத்தாயா? இதோ, எல்லோர் முன்னும் என் டிக்கெட்டை மூடுகிறேன். இனி நீ தாயை மூடு. கொன்சோலாத்தா அம்மையாரே, நீங்கள் கதவைத் திறவுங்கள். பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், இந்தக் கூரையின் கீழே நனையாமல் பிறக்கப் போகும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெறப் போகும் தாய்மார்களுக்கும் என் நன்றியும் வணக்கமும்.