இரண்டு செட்டுக்கு நடுவில்

கனமான இரும்பைத் தூக்குவதுதான் கஷ்டம் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள், மேடம். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். தூக்குவதில் ஒன்றுமில்லை. ஒரு செட் முடிந்து அடுத்த செட் தொடங்கும்வரை சும்மா இருப்பதுதான் கஷ்டம்.

எங்கள் பயிற்சிக்கூடத்தைப் பார்த்துவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள். கொஸ்த்ரமா நகரத்தில் அதைவிடப் பழைய நிலவறை இருக்காது. மேலே லினன் ஆலை ஓடிய காலத்து ஈரம் இன்னும் சுவரில் இருக்கிறது. கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை நாங்கள் கீர்யா என்போம். கைக்கு ஒன்றாக இரண்டை மார்பில் ஏற்றி, தரையில் வைக்காமல் தலைக்கு மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கீழே வைத்தால் செட் முடிந்தது. பிறகு முன்கைகளை உதற வேண்டும், மூச்சை அடிவரை வெளியே விட வேண்டும், வியர்வையைத் துடைத்து மேலங்கியைப் போர்த்திக்கொள்ள வேண்டும், கைப்பிடியை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளைப்பொடி பூச வேண்டும். இதெல்லாம் உடம்புக்கு. மனதுக்கு என்ன செய்வது என்று எனக்கு வெகுநாள் தெரியாது.

எங்கள் பயிற்சியாளர் கிளிம் பாவ்லோவிச் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். வேறு கூடங்களில் அது கிடையாது. இங்கே யாரும் தன் நாடியைத் தானே பார்க்கக் கூடாது. "தன் நாடிய தானே எண்ணுறவன் தனக்குத் தோதாத்தான்டா எண்ணுவான்" என்பார். அதனால் ஆளுக்கு ஒரு ஜோடி. ஒருவன் ஓய்வெடுக்கும்போது மற்றவன் அவன் கழுத்தில் இரண்டு விரல் வைத்துப் பார்ப்பான். துடிப்பு தணிந்ததும் "எழுந்திரு" என்பான். அவன் சொல்லும்வரை குண்டைத் தொடக் கூடாது. சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. அதை நாங்கள் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

என் ஜோடி தெம்யான், செல்லமாகத் தியோமா. பாலாடைக்கட்டி லாரி ஓட்டுகிறவன். எனக்கு நில அளவை அலுவலகத்தில் வேலை. வயதும் எடையும் எங்களுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். தோள் எனக்கு அவனைவிட அகலம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவனுக்கு ஓய்வெடுக்கத் தெரியும். குண்டுகளை வைத்த மறுநிமிடம் பெட்டிமேல் பொத்தென்று உட்காருவான். கீழுதடு தொங்கிவிடும். இரண்டு பெருமூச்சு விடுவான், அவ்வளவுதான். முரசு மாதிரி அடித்துக்கொண்டிருந்த நாடி என் விரலுக்குக் கீழேயே தூங்கப்போகும். அப்போது மனதில் என்ன நினைக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணுமே இல்லடா. சில சமயம் ஊறுகாய் போட்ட வெள்ளரிக்கா."

எனக்கு அப்படி வரவில்லை. உட்கார்ந்தாலும் மனம் தூக்கிக்கொண்டே இருக்கும். முடித்த செட்டில் எங்கே முழங்கை மடங்கியது, அடுத்ததில் எங்கே மடங்கும், அவன் எத்தனை தள்ளினான் என்று ஓடும். அவன் விரல்கள் என் கழுத்தில் காத்துக்கொண்டே இருக்கும்.

"டேய் கோர்தேய், நீ ஓய்வெடுக்கிறதப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குதுடா" என்பான். "யாராச்சும் இந்தப் புள்ளைக்கு ஒரு தாலாட்டுப் பாடுங்கப்பா."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கிளிம் பாவ்லோவிச் மட்டும் சிரிக்காமல், ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பலத்துல உனக்கும் தியோமாவுக்கும் வித்தியாசம் இல்ல கோர்தேய். அவனுக்கு இறக்கி வைக்கத் தெரியும். உனக்குத் தெரியல. அது சொல்லிக் குடுத்து வர்றதில்ல."

எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைக்க ஒன்றுமில்லை. ஒருவன் பணத்தைப் பார்த்துப் பொறாமைப்படலாம், பெண்டாட்டியைப் பார்த்துப் பொறாமைப்படலாம். நான் ஒருவன் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். வீட்டில் தரையில் படுத்து, காலைச் சோபாமேல் தூக்கி வைத்து, கண்ணை மூடி வெள்ளரிக்காயைக்கூட நினைத்துப் பார்த்தேன். வெள்ளரிக்காய்க்குப் பின்னால் அவன் முகம் வந்து நின்றது.

இலையுதிர்காலத்தில் ஒரு மாலை, அவன் கழுத்தில் வைத்த என் விரல் ஒரு துடிப்புக்காகக் காத்திருந்தது. அது வரவில்லை. பிறகு இரண்டு சேர்ந்து வந்தன. நான் தவறாக எண்ணிவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்து, ஒவ்வொரு செட்டுக்குப் பிறகும். அவன் உதடு தொங்க உட்கார்ந்திருப்பான். உள்ளே அது தடுக்கி விழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருக்கும். உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் அதற்குள் ஒன்று நடந்துவிட்டது.

அன்று என் முறை வந்தது. செட்டை முடித்து உட்கார்ந்தேன். வழக்கம்போல மனம் ஓடத் தொடங்கியது. அப்போது அவனுடைய அந்த வராத துடிப்பு நினைவுக்கு வந்தது. உடனே எல்லாம் அடங்கியது. தோள் தானாக இறங்கியது. மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஓய்வெடுத்தேன்.

என் கழுத்தில் விரல் வைத்திருந்த தெம்யான் கத்தினான். "டேய், இறங்குதுடா! கிளிம் பாவ்லோவிச், இங்க வந்து பாருங்க, நம்ம பயலுக்கு வந்துருச்சு! எப்பிடிடா பண்ண?"

"உன்ன நெனச்சேன்டா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவன் என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டான்.

அதன் பிறகு அதுதான் என் தயாரிப்பு. கையை உதறுவேன், பொடி பூசுவேன், கண்ணை மூடி அவன் இதயம் தடுக்குவதைக் கேட்பேன். என் எண்ணிக்கை ஏறியது. கிளிம் பாவ்லோவிச் என்னைப் பார்க்கும் பார்வையே மாறியது. எனக்குப் பலன் தருகிற ஒன்றை நானே எப்படிக் கெடுத்துக்கொள்வேன், நீங்களே சொல்லுங்கள்.

பனிக்காலத்தில் அவனே கேட்டான். "படி ஏறினா கண்ணு இருட்டுதுடா. டாக்டர்கிட்ட போன்னு ஃபாயினா நச்சரிக்கிறா. நாடி எப்பிடி இருக்கு, உண்மையச் சொல்லு."

"கடிகாரம் மாதிரி இருக்கு. தூக்கம் பத்தல உனக்கு."

"அதத்தான் அவகிட்டயும் சொன்னேன். வாரத்துல நாலு நாள் கோர்தேய் பாக்குறான், டாக்டர் வருஷத்துக்கு ஒருதரம் பாக்கப்போறாரு, யாரு சொல்றத நம்புறதுன்னு கேட்டேன். வாய மூடிட்டா." சிரித்தான். மறுநாள் அவன் பெண்டாட்டி ஃபாயினா எனக்கென்று முட்டைக்கோஸ் வைத்த அடை செய்து அனுப்பியிருந்தாள். நன்றாக இருந்தது.

பிறகு தேர்வு நாள். மாகாண அணியில் எங்கள் எடைக்கு ஒரே ஓர் இடம். ஆளுக்கு இரண்டு செட், இரண்டும் சேர்த்துக் கணக்கு. என் முதல் செட் நன்றாக வந்தது. அவனுடையது அதைவிட ஐந்து கூட. பெட்டிமேல் உட்கார்ந்தான். விரல் வைத்தேன். அங்கே நாடி என்று சொல்ல ஒன்றும் இல்லை. கையில் பிடித்த மீன் துள்ளுவது போல ஏதோ இருந்தது. முகம் சாம்பலாக இருந்தது. வழக்கமாகக் காத்திருப்பதில் பாதி நேரம்கூட நான் காத்திருக்கவில்லை.

"எழுந்திரு" என்றேன்.

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். "அதுக்குள்ளயா?" என்றான். எழுந்து போனான். எங்கள் கூடத்தில் வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள்.

பாதியில் குண்டுகளை வைத்துவிட்டு, ஓரமாக வந்து பாயில் மல்லாந்து படுத்தான். செட் முடித்தவன் தரையில் விழுந்து கிடப்பதைப் பார்த்து எங்கள் ஆட்கள் யாரும் பதறுவதில்லை. தாண்டிக்கொண்டு போவார்கள். அதுவும் ஜோடிக்காரன் பக்கத்தில் மண்டியிட்டுக் கழுத்தில் விரல் வைத்திருந்தால், எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். அடுத்த அறையில் செவிலி இருந்தாள். கதவு திறந்தே இருந்தது.

கிளிம் பாவ்லோவிச் கணக்கு எழுதும் மேசையிலிருந்து குரல் கொடுத்தார். "என்னடா, தியோமா எப்பிடி இருக்கான்?"

"நல்லா இருக்கான். ஓய்வெடுக்கிறான், தொந்தரவு பண்ணாதீங்க."

தெம்யான் கண்ணைத் திறந்தான். என் சட்டையைப் பிடித்தான். "கோர்தேய், யாரையாச்சும் கூப்பிடுடா."

"கூப்பிடுறேன். நீ படு" என்றேன். கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த மீனும் அடங்கியது. விரலை உடனே எடுக்கவில்லை. வழக்கமான ஓய்வு நேரம் முழுவதும் வைத்திருந்தேன். பிறகு அவன் விரல்களை என் சட்டையிலிருந்து பிரித்துவிட்டு, குளிராமல் இருக்க மூடுவது போல அவன் மேலங்கியைக் கழுத்துவரை போர்த்தினேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். கையில் பொடி பூசிக்கொண்டு போனேன்.

அப்படி நான் ஒருநாளும் தூக்கியதில்லை. மனம் ஏரி மாதிரி கிடந்தது. நான் கீழே வைத்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். தெம்யானை எழுப்பி விஷயத்தைச் சொல்ல கிளிம் பாவ்லோவிச்சே போனார்.

நீங்கள் என்னைச் சந்தேகப்படவில்லை என்று தெரியும். இதயக் கோளாறு என்று எழுதி விசாரணையை மூடிவிட்டீர்கள். அடக்கத்தின்போது ஃபாயினாகூட என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானாக வந்தது வேறு காரணத்துக்காக. நேற்று கிளிம் பாவ்லோவிச் சொல்லிவிட்டார், ஒரு ஆள் செத்த அன்றைக்கு நடந்த தேர்வு செல்லாதாம், அடுத்த வாரம் புதிதாக நடத்துவார்களாம். அது நியாயமில்லை. அதனால்தான் ஒன்று விடாமல் சொன்னேன். அவன் செத்தது எனக்குத் தெரியும், தெரிந்துதான் மேடை ஏறினேன், என் மனம் கலங்கியிருக்கவில்லை. அவனைக் கொன்றது நான்தான், அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் எண்ணிக்கையை மட்டும் அவர்கள் அழிக்கக் கூடாது. அது நான் நேர்மையாகத் தூக்கியது.