இரண்டு விரல் இடைவெளி

கிளட்ச் பெடலை மிதித்தால் முதல் இரண்டு விரல் அளவுக்கு ஒன்றுமே நடக்காது. நிறைய பேர் அதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். கோளாறு இல்லை ஐயா, அந்த வெற்று இடைவெளி இருக்கத்தான் வேண்டும். அது குறைந்தால் கிளட்ச் வழுக்கித் தேயும். கூடினால், பெடலைத் தரைவரை மிதித்தாலும் எஞ்சினும் கியர்பாக்ஸும் பிரியாது. கியர்பாக்ஸை மாட்டியதும் அடியில் படுத்து, கிளட்ச் கம்பியின் நுனியில் இருக்கும் நட்டைத் திருகி இடைவெளியை அளவுக்குக் கொண்டுவருவோம். பிறகு அந்த நட்டு கழலாமல் இருக்க, மேலே பூட்டு நட்டை இறுக்குவோம். கைப்பழக்கம்தான்.

போன வருஷம் மாப்பிள்ளையின் லாரிக்கும் அப்படித்தான் வைத்தேன். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். என் தம்பி லாரிக்கும் சுவருக்கும் நடுவில் நின்று முன்விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். வண்டி கியரில் இருந்தது. மாப்பிள்ளை கிளட்சை மிதிக்காமலே சாவியைத் திருப்பினார், வண்டி முன்னால் பாய்ந்தது. தம்பியை வெளியே எடுக்கச் சுவரை இடிக்க வேண்டியிருந்தது.

விசாரணையில் சொன்னார்: "மிதிச்சேன் சார். கிளட்ச் விடல. மச்சான் வேலைதான் சரியில்ல."

பக்கத்து சீட்டில் இருந்த தங்கையும் சொன்னாள்: "ஆமா, மிதிச்சார். நான் பார்த்தேன்."

அன்றே நான் அளந்து பார்த்தேன். இரண்டு விரல், மயிரிழைகூடப் பிசகவில்லை. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்பியைக் கொன்ற அண்ணன் என்று பேர் வந்தது.

போன மாதம் அவர் கியர்பாக்ஸ் மாற்ற அதே லாரியைக் கொண்டுவந்தார். "உறவு விட்டுப் போகுமா மச்சான்? பழசையெல்லாம் மறந்துடுங்க" என்றார். மறந்துவிட்டேன் என்றேன். அளவு சரியாகத்தான் வைத்தேன். பூட்டு நட்டை மட்டும் இறுக்கவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் நட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும், இடைவெளி கூடும்.

மூன்றாம் நாள் மாலை ஃபோன் செய்தார். "மச்சான், கியர் விழ மாட்டேங்குது. கரகரங்குது."

"புதுசு மாப்ள, புது மருமக மாதிரி முரண்டு பண்ணும். வீட்ல நிறுத்தும்போது முதல் கியர்லயே போட்டு அணைச்சிடுங்க. காலைல கிளட்சை நல்லா மிதிச்சு ஸ்டார்ட் பண்ணுங்க, போயிடும்."

சிரித்தார். "உங்க வாய்க்கே ஒரு பூட்டு நட்டு போடணும் மச்சான்."

மறுநாள் காலை நல்லாவே மிதித்திருக்கிறார். வண்டி பாய்ந்துவிட்டது. மிதித்தேன், கிளட்ச் விடவில்லை என்று இப்போதும் உங்களிடம் அழுகிறாராமே? இந்த முறை அவர் சொல்வது உண்மை. அதை உண்மையாக்கியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் வண்டியைக் கிளப்பும்போது வீட்டு கேட்டைத் தினமும் யார் திறப்பார்கள் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். இரும்பு கேட், கனம். வண்டிக்கு முதுகைக் காட்டி இரண்டு கையாலும் தள்ளினால்தான் நகரும். என் தங்கை பாவம், ஒல்லி உடம்பு.

அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது ஐயா. கோபம் இருந்திருந்தால் நட்டை முதல் நாளே கழற்றிவிட்டிருப்பேன். மூன்று நாள் கொடுத்தேன். "அண்ணா, அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடிப்போய் இறுக்கியிருப்பேன். ஃபோனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை. முடிவெடுத்தது அவள்தான்.