கிளிப்பின் மேல் மஞ்சள் கோடு

டப்பென்று ஒரு சத்தம். எதிரே இருந்த கார் நிறுத்துமிடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. சாம்பாருக்கு இன்னும் பத்து வெங்காயம் பாக்கி இருந்தது.

என் கணவர் ரத்னவேல் செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். போன ஜனவரியில் ஓய்வு பெற்றார். மறுநாளே என் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பருப்பு டப்பாக்களுக்கு எண் ஒட்டினார். குக்கர் விசிலுக்குக் கைக்கடிகாரம் பார்த்தார். "வைதேகி, கடுகு இவ்ளோ நேரமா வெடிக்கணும்?" என்று கேட்டார். நல்ல மனிதர்.

பிப்ரவரியில் எங்கள் பழைய கார் சூடாகி நின்றது. அது தானாக நடந்தது. அவரே கருவிப்பெட்டியோடு போய் ரேடியேட்டருக்குப் புதுக் குழாய் மாட்டினார். மூன்று நாள் பிடித்தது. மூன்று நாளும் நான் வானொலி கேட்டுக்கொண்டே சமைத்தேன். ரசம் ரசமாக வந்தது.

நான்காம் நாள் திரும்பி வந்து என் தோசைக்கல்லை முறைத்துப் பார்த்தார்.

ஆகவே, தேக்கா மார்க்கெட் பையைக் காரிலிருந்து எடுத்து வரப் போனபோது ஸ்குரூடிரைவரையும் கொண்டு போனேன். குழாயைப் பிடித்திருந்த கிளிப்பின் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். திருகிலிருந்து கிளிப் வரை அவர் மஞ்சள் பெயின்டில் சின்னதாக ஒரு கோடு இழுத்திருந்தார். பட்டறைப் பழக்கம். முடித்த வேலைக்குப் பொட்டு வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு, கோளாறு எங்கே என்று தேடித் தேடி, தெர்மோஸ்டாட்டை மாற்றினார். தண்ணீர் பம்ப்பை மாற்றினார். ரேடியேட்டரையே மாற்றினார். நானும் சளைக்கவில்லை. ஒருமுறை அவர் மணிக்கட்டில் ஆவி அடித்துவிட்டது. மருந்து போட்டது நான்தான். ஓய்வு பெற்றவருக்கு ஒரு வேலை வேண்டும். எல்லாம் அவருக்காகத்தான் செய்தேன்.

சாமான்களை எல்லை தாண்டிப் போய் ஜொகூரிலிருந்து வாங்கித் தந்தவர் சேவியர் அண்ணன். பட்டறையில் இவரோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவர். முப்பது வருட நண்பர். "டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்" என்று இவர் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். சேவியர் அண்ணன் சாமான் வந்த காலி அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஒரிஜினல்லா, தங்கச்சி. நீயாவது அவன்கிட்ட சொல்லும்மா."

கண் கலங்கியிருந்தது. உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தேன், இரண்டு வடையும். "கோவம் தணியட்டும் அண்ணே" என்றேன். வடை நன்றாக வந்திருந்தது.

நேற்று சேவியர் அண்ணன் மகள் சுஷ்மிதாவின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. உறையில் என் பெயர் மட்டும். சண்டை இவ்வளவு தூரம் போனது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் கிளிப்பை முந்தின நாளே தளர்த்தியிருந்தேன், என்ன செய்வது.

ஆகவே இன்று, வெங்காயத்தை உரித்து முடித்து, கை கழுவிக்கொண்டு, பத்திரிகையோடு கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். அவர் நனைந்த என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கிளிப்பைத் தளர்த்தினது நான்தான். ஒவ்வொரு தடவையும். சேவியர் அண்ணன் மேல தப்பே இல்ல."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. இரண்டாக விலகிக் கிடந்த மஞ்சள் கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். திருகை யாராவது தொட்டால் காட்டிக்கொடுக்கத்தான் அந்தக் கோடாம்.

"மொத நாளே தெரியும்லா. சேவியர்கூடச் சண்டை போடலேன்னா, அவன் வந்து ஒரே நாள்ல ரிப்பேர முடிச்சு என்னை வீட்டுக்கு அனுப்பிடுவான்."