பால்நிலா எனக்குப் பிடிக்கும், ஏனென்றால்

— இது எதுக்கு? நம்மது எங்க?

— எது நம்மது?

— துவைக்கிற பவுடர், பாப்பா. பால்நிலா. நீ ஏதோ மஞ்சள் பாக்கெட்டைத் தூக்கிட்டு வந்திருக்க.

— இனிமே இதுதான். அந்தப் பேரு இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது.

— தீர்ந்துபோச்சாமா? கடைக்காரர் எனக்குன்னு ஒண்ணு எடுத்து வைப்பாரே.

— எடுத்துதான் வெச்சிருந்தார். உங்கம்மா பாக்கெட்டைத் தலைகீழாத் திருப்பி, அடியில ஒட்டு சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தானே வாங்குவாங்கன்னு சிரிக்கிறார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

— பின்ன? ஒட்டு கோணினா ஈரம் ஏறிடும், பவுடர் கட்டி தட்டிடும். பதினெட்டு வருஷம் அந்த ஒட்டைப் போட்ட கை இது.

— அந்தக் கைக்குத்தான் இன்னைக்குக் கோர்ட்டுல மரியாதை பண்ணினாங்க.

— வந்ததும் கேக்கணும்னு இருந்தேன். உன் மூஞ்சியைப் பார்த்துட்டு பேச்சை மாத்திட்டேன். என்ன ஆச்சு?

— முதல்ல மருந்தை இழு. மூச்சு விசிலடிக்குது.

— இழுத்துட்டேன். விசில் எப்பவும் உள்ளதுதான். சொல்லு.

— காலையில நல்லாத்தாம்மா போச்சு. நெஞ்சு டாக்டர் வந்து, பவுடர் தூசி உள்ள போய் வந்த நோய்தான் இதுன்னு தெளிவா சொல்லிட்டார். உன் டேபிள்ல இருந்த நெட்டை அக்காவும் வந்தாங்க. மூக்குக்கு மூடி, செக்கிங் வர்ற அன்னைக்கு மட்டும்தான் குடுப்பாங்க, மத்த நாள் துணியைக் கட்டிக்கிட்டுதான் அள்ளுவோம்னு பயப்படாம சொன்னாங்க. ஜட்ஜ் எழுதிக்கிட்டே இருந்தார். கம்பெனி ஆஸ்பத்திரியில உன்னைச் சேர்த்துக்கச் சொல்லி உத்தரவு வந்துடும்னு நம்ம வக்கீல் என் காதுல சொன்னார்.

— அப்போ படுக்கை கிடைச்சிடும். இந்த ஜன்னல்கிட்ட உக்காந்து உக்காந்து முதுகே செத்துப்போச்சு.

— முழுசாக் கேளு. மதியத்துக்கு மேல அவங்க வக்கீல் எழுந்தான். கையில ஒரு அட்டை. பழுப்பேறிப் போன அட்டை. தொழிலாளர் குடும்பப் போட்டின்னு தலைப்பு. 'பால்நிலா எனக்குப் பிடிக்கும், ஏனென்றால்' அப்படின்னு அச்சடிச்சு, கீழ நிரப்ப இடம் விட்டிருக்கு. நிறுத்தி நிறுத்திப் படிச்சான். 'ஏனென்றால் ஆறு வருடமாகப் பால்நிலாவோடுதான் என் பகல் போகிறது. இன்றுவரை எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.' கீழ உன் கையெழுத்து. ஜட்ஜ் பேனாவை மூடி வெச்சுட்டார்.

— அந்த அட்டையா? அதை இன்னுமா வெச்சிருந்தாங்க?

— உனக்கு ஞாபகம் இருக்கு.

— எல்லார்க்கும்தான் குடுத்தாங்க. முதல் பரிசு சைக்கிள். எனக்கு ஆறுதல் பரிசு வந்துச்சு. பன்னெண்டு பாக்கெட்.

— ஆறுதல் பரிசு. பேரு வெச்சிருக்கான் பாரு. பன்னெண்டு பாக்கெட்டுக்கு நெஞ்சை எழுதிக் குடுத்துட்டு வந்திருக்க.

— அப்படிச் சொல்லாத.

— வேற எப்படிச் சொல்றது? நான் டிகிரி முடிச்ச மாசம் உன்னை வேலையை விட்டு நிறுத்தினாங்க. அந்தப் பேப்பரை உனக்குப் படிச்சுக் காட்டினது நான். நீ என்ன பண்ணின? பவுடர் தீர்ந்துபோச்சுன்னு கடைக்குப் போய் அதே பாக்கெட்டை வாங்கிட்டு வந்த. துரத்தி விட்டவன் பேரை பாத்ரூம்ல அடுக்கி வெச்சு அழகு பார்க்கிற. என்ன விசுவாசம்மா இது?

— நீ மட்டும் என்னவாம்? ஓரத்துல பிராண்டு குறி போட்ட ஷூதான் வேணும்னு மூணு கடை ஏறி இறங்கின. நான் ஒண்ணும் கேக்கலயே.

— அது வேற. இன்டர்வியூல முதல்ல காலைத்தான் பார்க்கிறாங்க. அம்மா என்ன வேலைன்னு கேக்கிறதுக்கு முன்னாடி ஷூவைப் பார்த்துட்டு முடிவு பண்ணிடறாங்க.

— அப்போ நீயும் பேருக்குத்தானே வாங்கற?

— நான் பயத்துல வாங்கறேன். நீ பாசத்துல வாங்கற. அதைத்தான் என்னால பொறுத்துக்க முடியல.

— பாசம் எல்லாம் இல்லை, பாப்பா. வேற பாக்கெட்டை எடுத்தா யாரோ வீட்டுச் சாமானைத் தொடற மாதிரி இருக்கு. உனக்குப் படிச்சேன்னு காட்ட சுவத்துல பட்டம் தொங்குது. நான் வேலை பார்த்தேன்னு காட்ட எனக்கு அந்த ஒட்டுதான் இருக்கு.

— அதை இப்போ மிஷின் போடுது.

— தெரியும். மடிப்பு ஒரு நூல் கம்மி.

— சரி, விடு. இன்னும் ஒரு வழி இருக்கு, அதுக்குத்தான் ஓடி வந்தேன். உனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அட்டையில இருக்கிற எழுத்து வேற கைன்னு நம்ம வக்கீல் பார்த்துட்டார். நான் பின்னாடி பெஞ்சுல இருந்தேன், என் கைக்கு அது வரல. எழுதின ஆள் வந்து, 'அவங்க சொன்னது இது இல்லை, நான்தான் மாத்தி எழுதினேன்'னு சொல்லிட்டா அட்டை செல்லாதாம். ஆனா வெளி ஆளா இருக்கணும். வீட்டு ஆள் சொன்னா எடுபடாதுன்னார். யாரு எழுதினது?

— பழைய கதை. போகட்டும்.

— உங்க சூப்பர்வைசர்தானே?

— அவரு மேல பழி போடாத. அவரு அட்டையைக் குடுத்ததோட சரி.

— அப்போ நெட்டை அக்காவா? ஆபீஸ் கிளார்க்கா? சொல்லும்மா. நாளைக்குக் காலையில நான் போய்க் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வரேன்.

— அந்த ஆள் இல்லைன்னு வக்கீல்கிட்ட சொல்லிடு. செத்துப்போச்சுன்னு சொல்லிடு.

— செத்துட்டாங்களா?

— ச்சே, இல்லை.

— அப்போ யாரைக் காப்பாத்தற? படி ஏறினா உனக்கு உதடு நீலமாகுது. டாக்டர் வெளியில கூப்பிட்டு என்கிட்ட எத்தனை மாசம்னு சொல்லியிருக்கார், தெரியுமா? இந்த நிலைமையிலயும் கம்பெனி ஆளைக் காட்டிக் குடுக்கமாட்டியா?

— தண்ணி குடு. பேச முடியல.

— இந்தா. குடிச்சுட்டு பேரைச் சொல்லு. எழுதினவனுக்கு மனசாட்சி வேண்டாம்? எதிர்ல ஒரு பொம்பளை இருமிக்கிட்டு நிக்கிறா, தும்மல்கூட வந்ததில்லைன்னு எழுத எப்படிக் கை வந்துச்சு? அந்தக் கை அழுகிப்போகணும்.

— சபிக்காத, பாப்பா.

— சபிப்பேன். நல்லா சபிப்பேன்.

— வேண்டாம். ஒன்பது வயசுக் கை அது.

— என்ன சொல்ற?

— அப்போ என் பேப்பரெல்லாம் யாரு எழுதினா? லீவு லெட்டர், பேங்க் சீட்டு, எல்லாம்? அதுல ஒண்ணு அது. உனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது.

— நானா? இல்ல. இரும்மா. நீ சொன்னதைத்தானே எழுதியிருப்பேன்? எழுதுன்னு நீதானே சொல்லியிருப்ப?

— 'சாயங்காலமானா இருமல் வருது, ஆனாலும் துணி நல்லா வெளுக்குது'ன்னுதான் நான் சொன்னேன். இருமல்னு போட்டா சைக்கிள் தரமாட்டாங்கம்மான்னு சொல்லி, நீதான் மாத்தி எழுதின.