அணைக்காத வண்டி

அந்தப் பெண் தேநீரை விரும்பிக் குடிப்பாள். இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்குவாள். அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், அதிகாரி ஐயா.

ஜோர்டானின் இர்பித் நகரில், பல்கலைக்கழக வாசல் வரிசையில் வேன் ஓட்டுகிறவன் நான். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முறை வரும்வரை இன்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தவன் முறையை விட்டவன். பின்னால் நிற்பவன் முந்திவிடுவான். அந்தப் பெண், நிஸ்ரீன், அங்கே படிப்பவள். மாணவர்களை ஏற்றி இறக்கும் வண்டிகள் எவ்வளவு புகை விடுகின்றன என்று குழாய் செருகி அளந்துகொண்டிருந்தாள். ஒருநாள் கேட்காமல் கையை உள்ளே விட்டு என் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டாள். முறை போயிற்று.

“சித்தப்பா, ஒங்க வண்டி ஒண்ணே பத்து வண்டிப் புகைய விடுது. அம்புட்டும் விஷம். நான் அறிக்கை குடுத்தா இனி வாசல்ல விடமாட்டாங்க. மன்னிச்சிடுங்க.”

“காலமெல்லாம் இதைத்தான் மூச்சா விடுறேன், மகளே. செத்தா போயிட்டேன்?”

பக்கத்து வேன்காரன் ஃபவ்வாஸுக்கு வாய் சும்மா இருக்காது. “அபூ காசிப், ஒன் வண்டிக்கு இவ மையத்துக்குச் சுத்துற கபன் துணி அளவெடுக்குறா. குழிய நீயே தோண்டிரு” என்றான். வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

கடைசி அளவு ஒன்று பாக்கி இருந்தது. குளிர்ந்து கிடக்கும் வண்டியைக் கிளப்பும்போது அளக்க வேண்டுமாம். அதற்காக ஒருநாள் காலையில் என் ஷெட்டுக்கே வந்தாள். வண்டிக்குப் பின்னால் குனிந்து குழாயைச் செருகினாள். நான் கிளப்பினேன். அவள் கைப்பேசி முன்சீட்டில் கிடந்தது. இறங்கி, மாற்றுச் சாவியால் வண்டிக் கதவுகளைப் பூட்டினேன். மறுபடி அணைத்துவிடக் கூடாது அல்லவா. பிறகு வெளியே வந்து ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். கொஞ்ச நேரம் உள்ளே இருக்கட்டும், புகை யாரையும் கொல்லாது என்று அவளே தெரிந்துகொள்வாள், அறிக்கையை மாற்றி எழுதுவாள். என் எண்ணம் அவ்வளவுதான்.

வாசலில் அடுப்பை மூட்டித் தேநீர் போட்டேன். ஃபவ்வாஸ் வந்தான்.

“என்னய்யா, வண்டி உள்ள ஓடுது, நீ வெளிய குந்தியிருக்க?”

“சூடாவட்டும்.”

“ஏதோ தட்டுற சத்தம் கேக்குதே.”

“இன்ஜின் தட்டுது. கெழட்டு வண்டி.”

“ஒன்னய மாதிரி” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

பிறகு தட்டும் சத்தம் நின்றது. புரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைத்தேன்.

புகையில் அவள் சாவாள் என்று தெரியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தெரியாது. நான் படிக்காதவன். படித்தவர்கள் சொல்வதை இன்றைக்கும் நம்புவதில்லை.

அவளுக்கு ஊற்றியது ஆறிப்போனதும் எழுந்தேன். தலைத்துணியை நனைத்து மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஷட்டரைத் தூக்கினேன்.