செவ்வாய்க்கிழமை அழ வேண்டும்

ஜெர்மனியில், ஹம் நகருக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். இளையவர் திடீரென்று சொன்னார்: "வாற செவ்வாய்க்கிழமை நான் அழவேணுமாம், அக்கா."

"ஆர் சொன்னது?"

"அந்தச் சுவீடன்காரர்தான். கிழமைக்கு ஒருக்கா ரெலிபோனிலை இங்கிலீஷ் கதைச்சுப் பழகிறம் எண்டு சொன்னனெல்லே. பென்ஷன் எடுத்தவர். ஓரளவு கதைப்பார், ஆனா இன்னும் திறமாக் கதைக்கவேணுமாம். அவரின்ரை மருமகள் இங்கிலாந்துக்காரி, அவவோடை கதைக்கத்தான்."

"அதுக்கு நீர் ஏன் அழுறது?"

"போன கிழமை என்னை மருமகளா நடிக்கச் சொன்னார். தனக்குப் புற்றுநோயாம், இனி மருந்து வேண்டாமெண்டு முடிவெடுத்திட்டாராம். அதை எனக்குச் சொல்லிப் பழகினார்."

மூத்தவர் தோடம்பழம் உரிப்பதை நிறுத்தினார். "சும்மா பழகத்தானே சொல்லியிருப்பார்?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். ஆனா எப்பவும் சொல்லுத் தேடித் தேடிக் கதைக்கிற மனுசன், அண்டைக்கு ஒரு இடத்திலையும் தடுமாறேல்லை, அக்கா."

"உண்மையோ எண்டு கேட்டிருக்கலாமே."

"கேக்கப் பயமாக் கிடக்கு. ஓம் எண்டிட்டால்? வீட்டிலை ஒருத்தருக்கும் இன்னும் சொல்லேல்லைப் போல."

"அப்ப செவ்வாய்க்கிழமை?"

"நான் மருமகளா அழவேணுமாம். தான் ஆறுதல் சொல்லிப் பழகவேணுமாம்."

ரயில் நின்றது. இருவரும் எழுந்து கதவுப் பக்கம் போனார்கள்.

"நடிப்புத்தானே, பிள்ளை. ரெண்டு நிமிசம் அழுதிட்டு விடும்."

"தொடங்கினால் எனக்கு நிப்பாட்ட ஏலாது, அக்கா. அப்ப அது உண்மையெண்டு நான் நம்பிட்டன் எண்டு அவருக்கு விளங்கிடும்."